பெயர் இல்லாத கட்டம்

மூன்றாவதாக இறக்கிப் பார்த்த டிரம்ஸ் மென்பொருளில் ஒரு கட்டத்துக்கு மட்டும் பெயர் இல்லை.

மற்ற எல்லாக் கட்டங்களிலும் எழுத்து இருந்தது. கிக், ஸ்னேர் என்ற மேளங்கள், ஹை-ஹேட், பெரிய சிம்பல், சின்ன சிம்பல் என்ற உலோகத் தட்டுகள். சாம்பல் நிறச் சதுரங்களாகத் திரையில் வரிசையாக நின்றன. கீபோர்டில் அதற்குரிய கட்டையை அழுத்தினால் அந்த வாத்தியம் ஹெட்போனில் ஒலிக்கும். வலது ஓரத்துக் கடைசிச் சதுரம் மட்டும் வெறுமையாக இருந்தது. எழுத மறந்தது போல இல்லை. யாரோ எழுதிவிட்டு, பிறகு யோசித்து அழித்தது போல, அந்த இடத்துச் சாம்பல் மட்டும் லேசாக வெளுத்திருந்தது.

அவன் அதை உடனே தொடவில்லை. வரிசைப்படி அதன் முறை இன்னும் வரவில்லை.

அவனுக்கு எல்லாமே வரிசைப்படிதான். பல் கட்டும் லேபில் வேலை. முகம் தெரியாத யாரோ கடித்துக் கொடுத்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, அந்த வாய்க்குப் பொருந்தும் பல்வரிசையைச் செய்து அனுப்புவான். ஒரு பல் மயிரிழை உயர்ந்தாலும் அந்த மனிதரால் சாப்பிட முடியாது. அதனால் எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பான். பார்த்த பிறகும், சரியாகத்தான் பார்த்தோமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வருவான்.

டிரம்ஸ் மென்பொருள் தேடியதும் அப்படித்தான். அக்கா ஒரு பாட்டு எழுதியிருந்தாள். அதற்குத் தாளம் வேண்டும். இந்த இரண்டு அறை வீட்டில் நிஜ டிரம்ஸ் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் மறுநாளே போலீசுக்குப் போவார். நாற்காலியை இழுத்தாலே துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிக்கிறவர். ஆகவே கம்ப்யூட்டர். நல்ல டிரம்ஸ் மென்பொருளில் மெதுவான அடி என்பது பலமான அடியின் ஒலியைக் குறைத்து வைத்தது அல்ல. யாரோ ஒருவர் நிஜமான ஓர் அறையில் உட்கார்ந்து, ஒரே வாத்தியத்தை விரல் பட்டது போலத் தட்டி, பிறகு கொஞ்சம் அழுத்தி, இன்னும் அழுத்தி, கடைசியில் கை வலிக்க ஓங்கி அடித்து, ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பதிவு செய்திருப்பார். எந்தப் பலத்தில் கேட்கிறோமோ அந்தப் படி ஒலிக்கும். அதனால் அவன் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு வாத்தியத்தையும் மிக மெதுவான படியிலிருந்து மேலே மேலே ஏற்றிக் கேட்டான்.

முதலாவது பிரம்மாண்டமானது. கேட்டால் விளம்பரத்தில் சிரிக்கிற வாய் மாதிரி இருந்தது. எந்த மனிதனுக்கும் அப்படிப் பல் முளைப்பதில்லை. இரண்டாவதில் எத்தனை அடி அடித்தாலும் ஒரே அடிதான், தையல் மெஷின் ஓடுவது போல. மூன்றாவதை யாரோ ஒருவர் ஒரு பழைய பக்கத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். படம் கிடையாது, விளக்கம் கிடையாது. கீழே ஒரே ஒருவர் கருத்து எழுதியிருந்தார்: வீட்டுக்குள்ளேயே அடிப்பது போல இருக்கிறது.

அது உண்மை. கிக்கும் ஸ்னேரும் சின்ன அறையில், தாழ்ந்த கூரைக்குக் கீழே அடித்தது போல ஒலித்தன. வெளியே மழை விட்டிருந்த சாயங்காலம். ஜன்னல் கம்பியில் தொங்கிய நீர் சொட்டும் சத்தத்தையும், அடுப்படியில் அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தத்தையும் ஹெட்போன் ஒத்தி எடுத்தது போல விலக்கியிருக்க, அவன் கடைசிச் சதுரத்துக்கு வந்து, மிக மெதுவான படியில் அழுத்தினான்.

டொக்.

மரம். மடக்கிய விரலின் முட்டி மரத்தில் படும் சத்தம். தோல் வாத்தியம் இல்லை, தாளக் கட்டையும் இல்லை. ஆனால் நன்றாக இருந்தது, கதகதப்பாக, பக்கத்தில். இன்னொரு முறை அழுத்தினான். டொக்.

தோளில் ஈரமான ஒரு கை விழுந்தது. அக்கா. அவன் ஹெட்போனை இறக்கினான்.

"டேய் பல்லு," என்றாள், மிகத் தாழ்ந்த குரலில். அவன் வேலையை வைத்து அவள் வைத்த பெயர் அது. "கதவ யாரோ தட்டுறாங்க. ரெண்டு தடவ."

அவள் கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது. மழைக்காலம் தொடங்கியபோது ஒரே ஒரு பையோடு வந்தவள். அவள் புருஷனுக்கு இந்த விலாசம் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் இவன் வேறு ஊரில் இந்த வீட்டைப் பிடித்தான். அவள் வந்த முதல் நாள் காலிங் பெல் அடித்தபோது மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றே பெல்லைக் கழற்றிவிட்டான். அதன் பிறகு இந்தக் கதவை யாரும் தட்டியதில்லை.

அவன் கதவின் கண்ணாடித் துளையில் பார்த்தான். நீளமான நடை. டியூப் லைட். எதிர்வீட்டுப் பூட்டில் தூசி. மாடிப்படி வளைவில் மழை ஈரம், அதில் காலடி எதுவும் இல்லை.

"யாருமில்லக்கா. காத்துல ஆடியிருக்கும்."

"காத்து விரல மடக்கித் தட்டுமா?"

"இந்தக் கட்டடத்துக் காத்து தட்டும். வாடகை கேக்க வந்திருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும், தான் கேட்டதையும் அவள் கேட்டதையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமலே அவன் அந்த எண்ணத்தை மூடி வைத்தான். இரண்டு தடவை அழுத்தினோம் என்பது மட்டும் மூடியின் விளிம்பில் பிதுங்கிக்கொண்டு நின்றது.

மறுநாள் சாயங்காலம், ஜன்னலில் அடைமழை இரைந்துகொண்டிருக்க, அக்கா மூன்றையும் கேட்டாள். அவனுக்கு வாரக்கணக்கில் ஆனது அவளுக்கு ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது.

"முதல் ரெண்டும் கடைல விக்கிற சத்தம். இதுதான் நம்ம சத்தம். இந்தக் கடைசி ஒண்ணு என்னது, பேரே இல்ல?"

"தெரியல. வேணாம்னு விட்டுட்டாங்க போல."

"வேணாம்னு விட்டதா? அப்போ அதுதான் நமக்கு. ஸ்னேருக்கு அடியில இத வை. பாட்டு முழுக்க." அவள் ஹெட்போனை இரு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். "யாரோ உள்ள வரட்டுமான்னு மரியாதையா கேக்கிற மாதிரி இருக்குடா."

அவன் வைத்தான். பாட்டு முழுக்க, ஸ்னேர் விழும் ஒவ்வொரு இடத்திலும், மிக மெதுவான படியில். திரையில் ஒவ்வொரு அடிக்கும் கீழே ஒரு சின்னத் தூண்; தூணின் உயரம்தான் அடியின் பலம். எல்லாத் தூண்களும் புல் நுனி போலத் தரையோடு இருந்தன.

குரல் பதிவுக்கு அக்கா உள்ளறை அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். துணி எதிரொலியை விழுங்கிவிடும். அவள் காதிலும் ஹெட்போன், அவன் காதிலும் ஹெட்போன். கல்யாணத்துக்கு முன் மேடைகளில் பாடியவள். பிறகு குளியலறையில்கூட வாய் திறக்க விடாத வீட்டில் இருந்தாள். முதல் வரியில் குரல் இழுபட்டது. இரண்டாவது வரியில் அது தன் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் குரலை நேராகக் கேட்க வேண்டும் என்று ஒரு பக்க ஹெட்போனை மட்டும் காதிலிருந்து விலக்கினான்.

தாளம் விலகவில்லை.

வாத்தியம் எதுவும் இல்லாத வெறும் அறை. உள்ளறையிலிருந்து துணியில் பட்டு மழுங்கி வரும் அக்காவின் குரல் மட்டும். அந்தக் குரலுக்கு, சரியான இடத்தில், பிசகாமல், வாசற்கதவு டொக் என்றது. அடுத்த வரிக்கு மறுபடி. டொக். யாரோ வெளியே நின்று அவளுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஹெட்போனை முழுவதுமாகக் கழற்றி மேசையில் வைத்தான். நாற்காலி கிறீச்சிடாமல் எழுந்து, ஓடு பாவிய தரையில் வெறுங்காலின் குளிர்ச்சியை ஒவ்வொரு அடியிலும் உணர்ந்தபடி நடந்து, துளையில் கண்ணை வைத்தான். நடை காலி. விளக்கு எரிந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு அவன் நெஞ்சுக்கு நேராகத் தட்டப்பட்டது. உள்ளங்கையை அங்கே வைத்தான். மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன அதிர்வு வந்து கைக்குள் முட்டியது. கன்றுக்குட்டி முட்டுவது போல. மென்மையாக. பொறுமையாக.

ஓடிப் போய்ப் பாட்டை நிறுத்தினான். கதவும் நின்றது.

"ஏன்டா நிறுத்தின?" அக்கா அலமாரியிலிருந்து தலையை வெளியே நீட்டினாள். அவள் முகம் பல வருடம் கழித்துச் சிவந்திருந்தது. "இப்பத்தானே வந்துச்சு!"

"ஃபேன் சத்தம் பதிஞ்சிடுச்சுக்கா."

"ஃபேனே ஓடலையேடா."

"கம்ப்யூட்டர் ஃபேன்."

சொல்லியிருக்கலாம். அவன் அந்த இடத்தில் நின்று அதைத்தான் யோசித்தான். சொன்னால் சிரிப்பாள். அல்லது நம்புவாள். நம்பினால் இந்தக் கதவையும் இனி அவள் பார்த்துக்கொண்டே தூங்குவாள், அந்த வீட்டில் தூங்கியது போல. அதுவும் தனக்கே நிச்சயம் இல்லாத ஒன்றுக்காக. குழாயில் காற்று ஏறினால்கூட இப்படித் தட்டும் என்று எங்கேயோ படித்திருந்தான். நிச்சயம் செய்துகொண்டு சொல்லலாம் என்று முடிவு செய்தான்.

நிச்சயம் செய்துகொள்ள அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

விடுமுறை நாள் பிற்பகல். அக்கா குளிக்கப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டதும் அவன் மென்பொருளைத் திறந்து, பெயர் இல்லாத கட்டத்தை எடுத்து, ஹெட்போனைப் போடாமல், ஸ்பீக்கரையும் முழுவதுமாக அணைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். கம்ப்யூட்டரிலிருந்து எந்தச் சத்தமும் வர வழியில்லை. மிக மெதுவான படி. அழுத்தினான்.

கதவு டொக் என்றது.

ஒரு படி மேலே. இரண்டு மூன்று விரல்களின் முட்டி. இன்னொரு படி. மூடிய கையின் பக்கவாட்டு. போதும், தெரிந்துவிட்டது, நிறுத்து என்று ஒரு குரல் சொன்னது. ஆனால் பாதியில் நிறுத்தியவன் எதையும் தெரிந்துகொண்டவன் இல்லை என்று அவனுக்குள் பழகிப்போன இன்னொரு குரல் சொன்னது. இது எதுவரை போகும்? அடுத்த படி. விரித்த உள்ளங்கை, அறைவது போல. அடுத்தது. கால். கதவின் கீழ்ப்பலகை உள்ளே குழிந்து மீண்டது. அடுத்தது. தோள். நிலைச்சட்டத்தின் மேலிருந்து சுண்ணாம்பு ஒரு கோடாக உதிர்ந்தது. அடுத்தது. இப்போது மரத்துக்குள் ஏதோ பிளந்தது. பூட்டின் திருகாணி ஒன்று தெறித்துத் தரையில் உருண்டு, அவன் கால் விரலருகே வந்து நின்றது.

மேலே இன்னும் சில படிகள் இருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். மரம் பிளந்த பிறகு அடிக்க என்ன மிச்சம்?

கையை எடுத்தான்.

குளியலறைக் கதவு திறந்தது. தலையில் நுரையோடு, ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு அக்கா. உதடு வெளுத்திருந்தது.

"வந்துட்டானா? டேய், அவன் வந்துட்டானா?"

அதே நேரத்தில் மேசை மேல் அவள் போன் அதிர்ந்தது. அந்த எண்ணை இருவருக்கும் தெரியும். அவன் எடுத்தான்.

"என்ன மச்சான்," என்றது அந்தக் குரல், சாவகாசமாக. பின்னால் கடைசல் பட்டறையின் இரைச்சல். யாரோ ஒருவர் அந்த ஆளைக் கூப்பிட்டு ஏதோ அளவு கேட்டார். "அவ பழைய மேடைக்காரங்க சொன்னாங்க, அக்கா பாடுறாளாமே? நல்லது. அங்க யாரு உட்கார்ந்து கேக்கறாங்களாம்?"

அவன் வைத்துவிட்டான். அக்கா பயந்த மனிதர் இங்கே இல்லை. பல மணி நேரப் பயணத் தூரத்தில், பட்டறையில் நிற்கிறார். அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவராக இருந்தால் அவருக்கு ஒரு முகம் இருக்கும், பெயர் இருக்கும், போலீசில் சொல்ல முடியும்.

படியில் செருப்புச் சத்தம். அவன் கதவைத் திறந்தான். கீழ்வீட்டுக்காரர், கையில் துடைப்பத்தோடு.

"ஏன் தம்பி, குடும்பம் நடத்துறீங்களா, கட்டடத்த இடிக்கிறீங்களா? என் வீட்டுக் கூரையிலேருந்து தட்டு மேல தூசி விழுது."

"நாங்க இல்ல சார். யாராச்சும் படியிறங்கிப் போனாங்களா?"

"நான் மொதத் தூசி விழுந்ததுலேருந்து படியிலதான் நிக்கறேன். ஈ காக்கா எறங்கல." அவர் கதவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பார்வை அக்கா நின்ற பக்கம் போனது. குரல் கசந்தது. "பொம்பளப்புள்ள இருக்கிற வீட்ல இப்படி அடிக்காதீங்க தம்பி. கேக்கவே நல்லால்ல."

அவர் இறங்கிப் போனார். அவன் கதவைச் சாத்தினான். அக்கா உள்ளே வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுதான்க்கா," என்றான். "தொடப்பக்காரர். கோவத்துல ஒதச்சிட்டாரு."

அவள் நம்பினாள். நடுக்கம் மெல்ல நின்று, கோபமாக மாறியது. அது நல்லது என்று அவன் நினைத்தான்.

அன்றைக்கே கடைக்குப் போய் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி, உள்பக்கமாக மாட்டினான். வெளியிலிருந்து எந்தச் சாவியாலும் திறக்க முடியாதது. நான் வெளியே போனால் உடனே போட்டுவிடு, என் குரல் கேட்டால் மட்டும் திற என்று அவளிடம் சொன்னான். பாட்டில் பெயர் இல்லாத கட்டத்தை ஊமையாக்கிவிட்டு, முதல் மென்பொருளிலிருந்து ஒரு மரச்சத்தத்தை அதன் இடத்தில் வைத்தான். அக்கா ஒரே தடவை கேட்டாள். "இது செத்த மரம்டா," என்றாள். "பழையது எங்க?" கெட்டுப்போய்விட்டது என்றான். அழித்துவிடலாம் என்று சுட்டியைக் கொண்டுபோனவன் நின்றான். அழித்தால் அது எங்கே போகும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அந்த வாரத்தின் நடுவில், லேபில், மெழுகை உருக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா கூப்பிட்டாள். இதுவரை கேட்காத ஒரு துள்ளல் அவள் குரலில்.

"டேய் பல்லு. பொய்யா சொன்ன? பழைய சத்தம் கெடவே இல்ல. ஊமையாத்தான் இருந்துச்சு. தொறந்துட்டேன்."

அவன் கையிலிருந்த கத்தி மேசையில் விழுந்தது. "அக்கா, அதத் தொடாத."

"எம் புருஷன் இன்னைக்கு மறுபடி கூப்பிட்டான். மொதல் தடவயா நான் எடுத்தேன். 'நீ வாயத் தொறந்தா ஈகூட ஒக்காராது'ன்னான். வச்சிட்டேன். வச்சிட்டு வந்து, பாட்டு முழுக்க இருக்கிற தூணையெல்லாம் புடிச்சு ஒரே கோடா இழுத்துட்டேன்டா. ஆரம்பத்துல தரையில இருக்கு, முடியறப்போ உச்சில இருக்கு. மெதுவாத் தொடங்கி ஏறி ஏறிப் போகும். எதுக்கு நான் கடைசி வரைக்கும் பூனை மாதிரித் தட்டணும்?"

"போட்டுக் கேட்டியா?"

"இனிமேத்தான். தொடப்பக்காரர் குடும்பத்தோட ஊருக்குப் போயாச்சு. இன்னைக்கு ஸ்பீக்கர்லதான்."

"அக்கா, வேணாம். நான் சொல்றதக் கேளு. நான் வர்ற வரைக்கும் போடாத."

"ஏன்?"

ஏன். மெழுகு புகைந்து கருகும் வாடை. அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஸ்பீக்கர்... ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்."

மறுமுனையில் அவள் பேசியபோது துள்ளல் போயிருந்தது.

"நீயுமாடா?" என்றாள். "சத்தம் போடாத, சத்தம் போடாதன்னு." வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டான். அணைக்கப்பட்டிருந்தது.

ஓடினான். தெரு விளக்குகள் அப்போதுதான் ஏற்றப்பட்டு, நனைந்த சாலையில் மஞ்சளாக நீண்டு கிடந்தன. குடைகளுக்கு நடுவே தோளை நுழைத்து, யாரோ திட்டியதைக் காதில் வாங்காமல், சேற்று நீர் கணுக்கால் வரை தெறிக்க, மூச்சு நெஞ்சுக்குள் கத்தியாக நிற்க, ஓடிக்கொண்டே அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டடம் அமைதியாக இருந்தது. கீழ்வீட்டில் பூட்டு. படியேறினான். நடை காலி. டியூப் லைட் மெல்ல ரீங்கரித்தது. கதவு முழுதாக இருந்தது. கீறல்கூடப் புதிதாக இல்லை. உள்ளே சத்தமே இல்லை. போடவில்லை. அக்கா அவன் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

சாவியைப் போட்டுத் திருப்பினான். பூட்டு திறந்தது. கதவு அசையவில்லை. இரும்புத் தாழ்ப்பாள்.

அப்போது உள்ளே பாட்டு தொடங்கியது.

ஸ்பீக்கரில், முழுச் சத்தத்தில். பதிவு செய்த அக்காவின் குரல். அதன் மேலேயே நின்று பாடும் நிஜ அக்காவின் குரல். இரண்டும் பின்னிக்கொண்டு எழுந்தன. நிறுத்த வேண்டும். உடனே. அவன் விரலை மடக்கிக் கதவைத் தட்டினான்.

டொக்.

உள்ளே அதே நொடியில் ஸ்னேர் விழுந்தது. அதற்கு அடியில், டொக்.

"அக்கா!"

மறுபடி தட்டினான். சரியாக அடுத்த தாளத்தில். அவன் கை பட்ட சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும் ஒன்றன் மேல் ஒன்று படிந்து ஒரே சத்தமாகின. அப்போதுதான் புரிந்தது. அவளுக்குக் கேட்கவே கேட்காது. அவன் தட்டுவது அவளுக்குப் பாட்டு.

தாளத்தில் விழாமல் தட்ட வேண்டும். இடையில். கையை ஓங்கி, அவசரமாக, முன்கூட்டியே அடிக்கப் பார்த்தான். கை காத்திருந்தது. தாளம் வந்ததும் விழுந்தது. இப்போது மூன்று விரல் முட்டிகள்.

கையை இழுத்துக்கொண்டான். இழுத்துக்கொள்ளச் சொன்னான். கை போயிற்று. மூடிய கையின் பக்கவாட்டு.

"அக்கா! கதவத் தொறக்காத! நிறுத்து!"

உள்ளே அவள் குரல் மேலே ஏறியது. அவ்வளவு அழகாக அவள் பாடி அவன் கேட்டதில்லை. விரித்த உள்ளங்கை. அறை. அறை. அவனுக்கு ஒவ்வொரு சத்தமும் தெரிந்திருந்தது. அந்தப் பிற்பகலில் வரிசையாகக் கேட்டவை. வெளியே யாருமில்லை என்று துளையில் பார்த்தானே. யாருமில்லைதான். அன்றைக்கு அவன் இன்னும் வந்திருக்கவில்லை.

கால்.

பலகை குழிந்தது. வலி பாதத்திலிருந்து முட்டி வரை ஏறியது. நிற்க முயன்றான். சுவரைப் பிடித்தான். நகம் பெயர்ந்தது. சுவர் அவனைப் பிடித்து வைக்கவில்லை.

தோள்.

தோள்.

சுண்ணாம்பு தலையில் கொட்டியது. மரத்துக்குள் பிளவு. இரும்புத் தாழ்ப்பாள் சட்டத்தோடு பெயர்ந்து தரையில் மோதியது. கதவு திறந்துகொண்டது.

வெளிச்சம். மேசை. ஸ்பீக்கருக்கு முன்னால் அக்கா நின்றிருந்தாள். கண் மூடி, கழுத்து நரம்பு புடைக்க, கடைசி வரிகளைப் பாடிக்கொண்டு. காற்று மாறியது தெரிந்து கண்ணைத் திறந்தாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வந்துட்டியா, கேளு, என்று சொல்வதற்காக ஒரு கையை நீட்டினாள்.

அவன் வாயைத் திறந்தான். வெறும் மூச்சு வந்தது. கால்கள் அவளைப் பார்த்து நடந்தன. தாளத்துக்கு.

அவள் அவன் கையைப் பார்த்தாள். ஓங்கியிருந்தது. அப்படி ஓங்கிய கை அவளுக்குத் தெரியும். நீட்டிய கையைப் பின்னால் இழுத்தாள். முகத்தை மறைக்கவில்லை. இரண்டு கையாலும் தொண்டையைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி," என்றாள்.

அவள் தோளுக்குப் பின்னால் திரை. ஏறிக்கொண்டே போகும் தூண்கள். பச்சைக் கோடு அவற்றின் மேல் ஊர்ந்து நகர்ந்தது. வலது ஓரத்தில், எல்லாவற்றிலும் உயரமாக, அவன் ஒருநாளும் கேட்டுப் பார்க்காத படிகள் நின்றன.

பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.